கன்று மிதித்த காவிரி

தங்கசாமிக்குக் கோபம் வந்தால் முதலில் தோளில் கிடக்கும் துண்டு கைக்கு இறங்கும், அப்புறம்தான் வாயில் வார்த்தை வரும். அந்த வருஷம் மார்கழி முழுக்கத் துண்டு கையில்தான் இருந்தது. எல்லாம் பள்ளிக்கூடத்து வாத்தியார் சரவணமுத்துவால் வந்த வினை.

சரவணமுத்து ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். காலையில் கணக்கும் வாசகமும் ஒழுங்காகத்தான் நடத்துவார். மத்தியானம் மணி மூன்றடித்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவார். மண் பிசைவது, கரித்துண்டால் சுவரில் படம் எழுதுவது, பாட்டுக் கட்டுவது, வேஷம் போடுவது என்று பொழுது சாயும்வரை ஒரே கூத்து. தங்கசாமியின் ஒரே மகள் சாரதாமணி ஐந்தாம் வகுப்பு. தினமும் முழங்கை வரை சேற்றோடுதான் வீடு திரும்புவாள்.

"மண்ணுல கெடக்கறதுக்குப் பள்ளிக்கோடம் எதுக்குங்கறேன்? நம்ம காட்டுல மண்ணு இல்லியா?" என்று மனைவி நல்லம்மாளிடம் சத்தம் போட்டுப் பார்த்தார். நல்லம்மாள் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. பேசாதவளிடம் எத்தனை நேரம்தான் கத்துவது! ஒருநாள் விடிய வண்டி கட்டிக்கொண்டு திருச்செங்கோடு போய், மனு எழுதுகிறவனைப் பிடித்து, பள்ளிக்கூடங்களைச் சோதனை போடும் டிப்டி இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதச் சொன்னார். 'மேற்படி வாத்தியார் பிள்ளைகளை மண்ணில் விளையாட விட்டுக் கெடுக்கிறார். அவரை வேறு ஊருக்கு மாற்றித் தரவேண்டும்' என்று எழுதி வாசித்துக் காட்டினான். தங்கசாமி திருப்தியாகக் கைநாட்டு வைத்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

அப்புறம் கரும்பு வெட்டு வந்தது. ஜேடர்பாளையத்து ஆற்றோரத்துக்காரர்களுக்கு ஆலை ஓடுகிற நாளில் வேறு நினைப்பு ஏது? பத்து நாள் தங்கசாமி ஆலைக் கொட்டகையிலேயே கிடந்தார். சோறு அங்கேயே வந்தது. மனு கொடுத்ததைக்கூட மறந்துபோனார்.

பட்டிப் பொங்கலன்றுதான் ஆலையை நிறுத்தினார்கள். மாடு கன்றுகளை ஆற்றில் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, ஆளுக்காரன் பொன்னன் பின்னால் வர, தங்கசாமி வீட்டுக்கு ஓட்டிவந்தார். வழியில் பள்ளிக்கூடத்தை ஒட்டி அவர்களுடைய பழைய தொண்டுப்பட்டி இருந்தது. மாடுகளைக் கிணற்றடிப் பட்டிக்கு மாற்றி இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்த இடம். படலைத் தாண்டும்போது தற்செயலாக உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே தெப்பக்குளம்!

அந்தப் பக்கத்தில் பட்டிப் பொங்கலுக்கு மாட்டுப்பட்டிக்குள் மண்ணால் சின்னதாய்க் குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூச்சூட்டி, பூஜை முடிந்ததும் கன்றை இறக்கி மிதிக்க விடுவார்கள். கன்று மிதித்தால்தான் பட்டி பெருகும். வழக்கமாக முழ நீளத்துக்கு ஏனோதானோவென்று கட்டுவார்கள். இதுவோ நாலு பாய் அகலம்! சுற்றிலும் வரப்பு, உள்ளே தண்ணீர், கரையெல்லாம் ஆவாரம்பூ, ஓரத்தில் செம்மண் குவியல்கள்.

"பாத்தியாடா பொன்னா, நம்மூட்டுப் பொம்பளைங்க இந்த வருசம் பழைய பட்டியிலயே கட்டிப்போட்டாங்க. என்ன அளகாக் கட்டியிருக்கறாங்க பாரு! பூ வெச்சுப் பூசையும் முடிச்சிருப்பாங்க. பொழுது எறங்கறதுக்குள்ள கன்னை உட்ரு."

பொன்னன் கையோடு கொண்டுவந்திருந்த வெண்கலத் தட்டத்தைக் குச்சியால் தட்டினான். தங்கசாமி செவலைக் கன்றைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். அது தட்டச் சத்தத்துக்கு மிரண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. திரும்பியும் ஓடியது. தங்கசாமிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இந்த வருஷம் பட்டி பெருகாமல் எங்கே போகும்!

கற்பூரத் தட்டோடு கிணற்றடிப் பட்டிக்கு வந்துகொண்டிருந்த நல்லம்மாளும் சாரதாமணியும் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள்.

"அய்யா! என்ன பண்ணிப்போட்டீங்க! அது தெப்பக்குளமில்லீங்க. எங்க காவேரிங்க!" என்று சாரதாமணி வீறிட்டாள்.

நாளை மறுநாள் டிப்டி வருகிறார். அவருக்குக் காட்டத்தான் முப்பது பிள்ளைகளும் பத்து நாளாக மேட்டூரிலிருந்து திருச்சி வரைக்கும் காவிரியை மண்ணில் செய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேலி கிடையாது, ஆடு ஏறி மிதித்துவிடும் என்று வாத்தியார் வந்து கேட்க, நல்லம்மாள்தான் புருஷனுக்குத் தெரியாமல் இந்தப் பட்டியைத் திறந்து விட்டிருக்கிறாள். ஆட்டுக்குப் பயந்து மாட்டிடம் மாட்டிக்கொண்டது காவிரி!

தங்கசாமிக்கு மனு ஞாபகம் வந்தது. டிப்டி அந்தக் காகிதத்தோடுதானே வருவார்? வந்து பார்த்தால் குழம்பின சேறுதான் கிடக்கும். மண்ணில் விளையாடுகிறார் என்று எழுதினது சரிதான் என்றாகிவிடும். வாத்தியாருக்கு அன்றைக்கே மாற்றல்தான். தாம் கேட்டதும் அதுதானே? சந்தோஷப்பட வேண்டியதுதானே? அந்தக் கெரகம்தான் அவருக்குப் புரியவில்லை, சந்தோஷம் வரவில்லை.

சாரதாமணி அழுது முடித்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். புளியங்கொட்டை அளவில் மண் துண்டுகள்.

"அதென்ன கண்ணு?"

"ஊடுங்க. மேட்டூர் டேமுத் தண்ணிக்கு அடியில வெச்சிருந்தமுங்க."

"தண்ணிக்கு அடியில எவன் ஊடு கட்டுவான்?"

"ஆத்தா பொறந்த ஊருங்க. அதான் டேமுக்குள்ள போயிருச்சில்லீங்க? ஆத்தா தெருத்தெருவாச் சொல்லுச்சுங்க. நாங் கேட்டுக் கேட்டுச் செஞ்சனுங்க."

தங்கசாமி மனைவியைப் பார்த்தார். ஊர் தண்ணீரில் போன இந்த இரண்டு வருஷத்தில் நல்லம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒரே ஒருதரம் வாயெடுத்தபோது, "போன ஊரைப் பேசி என்ன ஆவப்போவுது, சோலியப் பாரு" என்று இவர்தான் அடக்கிவிட்டார். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் பத்து நாளாகச் சேற்றில் உட்கார்ந்து மகளிடம் சொல்லியிருக்கிறாள். என்ன மனுஷன் நான் என்று தங்கசாமிக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண்பிள்ளைகளெல்லாம் பாவாடை சரசரக்கக் கரட்டுக்குப் பூப்பறிக்கப் போகிற நாள். ஒருத்தியும் போகவில்லை. விடிந்ததும் முப்பது பேரும் பட்டிக்குள் வந்துவிட்டார்கள். வாத்தியார் ஒருத்தரையும் குறை சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்கே, ஆறு எந்தப் பக்கம் திரும்பும், யார் சொல்லுவது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

தங்கசாமி மம்முட்டியோடு வந்தார். மடை கட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வந்த வேகத்தில் மேட்டூரிலிருந்து திருச்சிக்கு ஒரே நேர்க்கோடாக வாய்க்கால் வெட்டிவிட்டார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "நீங்க பவானியவே தண்ணியில்லாம உட்டுப்போட்டீங்க!" என்றது ஒரு வாண்டு. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆறு பவானியில் எப்படி வளைகிறது, ஜேடர்பாளையத்துக் கலிங்கில் எப்படித் தேங்குகிறது, கொல்லிமலை எத்தனை தள்ளி நிற்கிறது என்று தெரிந்திருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக அந்த ஆற்றில் குளித்தவருக்குத் தெரியவில்லை. மேடு பள்ளத்தை ஈர்க்குச்சியால் அளந்து அளந்து அவர்கள் மண் வைத்த நேர்த்தியைப் பார்த்துத் தங்கசாமி வாய்பிளந்து நின்றார். ஏட்டில் படித்தால் ஒரு வரி. கையால் செய்தால் ஆறே மண்டைக்குள் ஓடுகிறதே! இதைப் போய் விளையாட்டு என்று எழுதிக் கொடுத்த கையை எங்கே கொண்டுபோய் வைக்க?

மேட்டூரில் கன்றின் குளம்புகள் ஆழப் பதிந்து பெரும்பள்ளமாகிக் கிடந்தது. தங்கசாமி நிரவப் போனார்.

"அத மூடாதீங்கய்யா. முன்ன நாங்க செஞ்ச டேமு ஆழமே இல்ல. கன்னுக்குட்டிதான் சரியாச் செஞ்சிருக்குது" என்றாள் சாரதாமணி.

அந்தப் பள்ளத்துக்குள் ஊரை மறுபடி கட்டினார்கள். தங்கசாமி யாரும் பாராதபோது ஒரு பிடி மண்ணெடுத்து உட்கார்ந்தார். மாமியார் வீட்டைச் செய்ய ஆரம்பித்தார். மாப்பிள்ளையாகப் போன முதல் நாள் இருட்டில் தம் முட்டி பெயர இடித்துக்கொண்ட கல்தொட்டியை வாசலில் வைத்தார். வீடு கோணலாக நின்றது, தொட்டி வீட்டைவிடப் பெரிதாக இருந்தது.

"தொட்டி வாசல்ல இல்லீங்க. வடவறத்துல" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. நல்லம்மாள்.

"இடிச்சுக்கிட்டவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"நீங்க வாசல்னு நெனச்சு வடவறமாப் போயித்தான இடிச்சுக்கிட்டீங்க!" என்றவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எது பங்காளி வீடு, எது மாரியம்மன் கோயில் என்று சொல்லிக்கொண்டே போனாள். தங்கசாமி நல்ல பிள்ளையாகக் கேட்டு, தொட்டியை வடபுறம் நகர்த்தினார்.

பச்சை மண் தண்ணீரில் கரைந்துவிடுமே? முதலில் கட்டினது அப்படித்தான் பாதி கரைந்துபோயிற்றாம். தங்கசாமி நிழலில் உலர்ந்த வீடுகளையெல்லாம் சாயங்காலம் ஒரு பழஞ்சட்டியில் அடுக்கி ஆலைக்குக் கொண்டுபோனார். பாகு காய்ச்சும் அடுப்பை மறுபடி மூட்டி, தணலில் புதைத்து, இருந்து சுட்டெடுத்தார். இரண்டு வீடு வெடித்துப்போயிற்று. மற்றவையெல்லாம் செங்கல்போலச் சிவந்து வந்தன. விடியுமுன் அவற்றைப் பள்ளத்தில் பழையபடி நட்டுவைத்தார்.

மறுநாள் காலையில் டிப்டி வந்தார். சேலத்துக்காரர், கோட்டும் தலைப்பாகையும், சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். கணக்குக் கேட்டார், சொல்வதெழுதுதல் போட்டார், எல்லாம் முடிந்த பிறகு பட்டிக்கு வந்தார். ஊரே படலோரம் நின்றது. சாரதாமணி குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் குளம்புப் பள்ளத்தில் ஏறியது, ஊரை மூடியது, வழிந்து பவானிக்கு வளைந்து ஓடியது. தெளிந்த தண்ணீருக்கடியில் சிவப்புச் சிவப்பாக வீடுகள் அசையாமல் நின்றன. நல்லம்மாள் குனிந்து பார்த்தபடியே இருந்தாள். டிப்டியும் வரப்போரம் வந்து குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரூருக்குப் பக்கத்தில் வரப்பு உடைத்துக்கொண்டது.

மடை உடைவதைப் பார்த்துக்கொண்டு எந்தக் குடியானவன் சும்மா நிற்பான்? "அட கெரகமே!" என்று தங்கசாமி டிப்டியை ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, இரண்டு கை மண்ணை அள்ளி அப்பி, மண்டியிட்டு அடைத்துவிட்டார். கோட்டில் சேறு தெறித்தது.

"யாரையா நீர்?"

"தங்கசாமிங்க. இந்தப் புள்ளையோட அப்பனுங்க."

"தங்கசாமியா?" டிப்டி கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "மண்ணில் விளையாட விட்டுக் கெடுக்கிறார், இவரை மாற்ற வேண்டும் என்று எழுதினது நீர்தானா?"

வாத்தியார் முகம் வெளுத்தது. சாரதாமணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தங்கசாமி ஆற்றிலேயே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.

"நாந்தானுங்க சாமி. அன்னிக்குத் தெரியாம எழுதிப்போட்டனுங்க. இவரு எங்க புள்ளைங்களக் கெடுக்கலீங்க. அதுங்களுக்குக் கண்ணுத் தெறந்து உட்டிருக்கறாரு. எனக்குமே நேத்துத்தானுங்க தெறந்துச்சு. இவர மாத்திப்போடாதீங்க. அந்தக் காயிதத்த ரத்துப் பண்ணிருங்க."

"ரத்து என்றால் அதிலேயே எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும்" என்றார் டிப்டி. பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதினார். வாசித்தும் காட்டினார். அப்புறம் விரலில் தடவும் மைக்கு அங்குமிங்கும் பார்த்தார்.

"மை எதுக்குங்க சாமி?" என்றார் தங்கசாமி. சேறு வழிகிற பெருவிரலை, பழைய கைநாட்டுக்குக் கீழே, காகிதம் நனையும்படி அழுத்தி வைத்தார்.