பதினேழாவது குடை

சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகச் சந்திக்கிற நாளில் யாராவது சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்களா? என் வீட்டுக்காரர் இசாமு போனார். அவரைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக நான் படுகிற பாட்டில் இதுவும் ஒன்று.

எங்கள் ஊர் நீகாட்டாவில் இரண்டு குடும்பமும் ஒரு நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, இனிப்புப் பெட்டிகளை மாற்றிக்கொண்டு, மாறி மாறிக் குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். அதற்காகத்தான் நானும் என் அழகு நிலையத்தைப் பூட்டிவிட்டு, கிமோனோ உடுத்தி, மூச்சு விட முடியாதபடி இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தேன். இந்த மனுஷரோ அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து நிற்கிறார்.

"தோமோஎ, இகராஷி ஐயா வாயே திறக்க மாட்டாருன்னு சொல்றாங்கல்ல? சினிமான்னா ரெண்டு மணி நேரம் யாரும் பேச வேண்டியதில்லை பாரு. அப்புறம் சாப்பிடறப்போ படத்தைப் பத்திப் பேசிக்கலாம்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

இகராஷி, மாப்பிள்ளையாக வரப்போகிற ரியோஹெயின் அப்பா. வீடுகளில் இறந்தவர்களுக்கு வைத்து வணங்குகிற பீடங்கள் விற்கிற கடைக்காரர். ஒரே மகன் கடையைப் பார்த்துக்கொள்ளாமல் டோக்கியோவுக்கு ஆடப் போய்விட்டான் என்று ஆறு வருஷமாக அவனோடு பேச்சே இல்லை. பெண்டாட்டி ஃபுமிஎதான் இருவருக்கும் நடுவே தபால்காரி. "சாப்பிட வருவேன். கல்யாணத்துக்கு வர மாட்டேன்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் மகள் கொனோமி அதற்கு மேல். "அவங்க அப்பா வந்து உட்காராத கல்யாணம் எனக்கு வேண்டாம்மா. ரியோஹெய் ஆயுசு முழுக்கக் காலியா இருக்கிற அந்த நாற்காலியையே பார்த்துட்டு இருப்பான்." இரண்டு வருஷமாக இந்த இழுபறி. இந்தச் சந்திப்போடு அவர் எழுந்து போய்விட்டால், என் பெண்ணின் கல்யாணம் அதோடு நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் பார்க்கப் போன படத்தில் ரியோஹெய் நடித்திருந்தான். கதாநாயகனாக அல்ல. குடையாக. அதுவும் பதினேழாவது குடையாக.

திரையரங்கில் ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் அந்தப் படம். ஒரு கவுண்டரில் ஈ, காக்கை இல்லை. இன்னொன்றில் படிக்கட்டு வரை வரிசை. என் வீட்டுக்காரர் நேராகப் போய் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டார். நம் ஊர்க்காரர்களுக்கு வரிசையைக் கண்டால் போதுமே, எதற்கு நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

"இத்தனை பேர் நிக்கிறாங்கன்னா நல்லாத்தானே இருக்கும்?" என்று டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு வந்தார்.

ரியோஹெய் டிக்கெட்டைப் பார்த்ததும் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவன் கண் இரண்டும் விரிந்தன. "மாமா... இது ரசிகர்கள் கத்திக்கிட்டே பார்க்குற காட்சி. விளக்கெல்லாம் ஆட்டுவாங்க."

"கத்துறதா? சினிமாவிலயா?"

"மாத்திட்டு வாங்க, ஓடுங்க!" என்று நான் பல்லைக் கடித்தேன். ஆனால் இகராஷி அதற்குள் உள்ளே போய்த் தம் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பெரிய மனுஷரை எழுப்பி, ஐயா, தப்பான அரங்கம் என்று சொல்ல எந்தச் சம்பந்திக்குத் தைரியம் வரும்? தலையெழுத்தே என்று போய் உட்கார்ந்தோம்.

அரங்கம் முழுக்க மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஜனம். வெளியே வெயில் கொளுத்துகிறது! ஒவ்வொருவர் கையிலும் நிறம் மாறுகிற விளக்குக் குச்சி. அதற்கு நடுவே கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக, மடியில் இனிப்புப் பெட்டியோடு, இகராஷி இழவு வீட்டுக்கு வந்தவர் போல விறைத்து உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கடைசி, நான் ஒரு கடைசி. அவரை அடுத்து ஃபுமிஎ, அப்புறம் ரியோஹெய், கொனோமி, என் வீட்டுக்காரர். எனக்கு இந்தப் பக்கம் மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி.

"முதல் தடவையாம்மா? நான் பதினொண்ணாவது தடவை" என்று அவள் ஒரு குச்சியை என் கையில் திணித்தாள். "கறுப்புக் குடை வந்தா ஊதா, சிவப்புக் குடை வந்தா சிவப்பு. கெட்டில் வந்தா எந்த நிறம் வேணும்னாலும் ஆட்டலாம்."

"கெட்டிலா?"

"பாருங்க, பாருங்க."

பார்த்தேன். என்ன கண்றாவி அது! ஒரு ரயில் நிலையம். பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வைக்கிற அறை. அங்கே வேலை பார்க்கிற பெண். மழை பெய்தால் அங்கிருக்கிற குடைகளெல்லாம் மனுஷர்களாகி ஆடும். அவள் ஒரு கறுப்புப் பட்டுக் குடையைக் காதலிக்கிறாள். மழை நின்றுவிட்டால் அவன் மறுபடி குடை. அப்போதும் விடவில்லை, ஒரு முழுப் பாட்டுக்கு அந்தக் கைப்பிடிக்கு முத்தம் கொடுக்கிறாள். அரங்கமே "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று அலறுகிறது. கடலுக்கடியில் ரயில் போகிறது. கணவாய் மீன்கள் டிக்கெட் பரிசோதிக்கின்றன. ஒரு மந்திரி வீடளவு கெட்டிலின் மேல் ஏறி நின்று, மூடியைத் தட்டித் தட்டிக் கால் மணி நேரம் பாடுகிறார். எதற்குக் கெட்டில் என்று படம் முடிகிறவரை ஒருத்தரும் சொல்லவில்லை. கொட்டிய பணத்துக்கு எங்கள் ஊர் ஓட்டைப் பாலத்தையாவது சரி பண்ணியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"தோமோஎ, இப்ப பச்சை ஆட்டணுமாம், பச்சை!"

"சும்மா உட்காருங்க. சம்பந்தி பார்க்கிறார்."

சம்பந்தி பார்க்கவில்லை. திரையையும் பார்த்தாரோ என்னவோ, அப்படி ஓர் அசைவில்லாத முகம். பதினேழாவது குடை முதன்முதலில் வந்தபோது அரங்கமே "பிளாஸ்டிக்கே!" என்று கத்தி வெள்ளை விளக்குகளை ஆட்டியது. மழை பிடித்துக்கொண்டால் மூலைக் கடையில் வாங்கி, மழை விட்டதும் எங்காவது மறந்துவிடுகிறோமே, கண்ணாடி மாதிரி இருக்கிற அந்த மலிவான பிளாஸ்டிக் குடைதான் எங்கள் மாப்பிள்ளை. முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் இருக்கைக்குள் ஒடுங்கினான். ஃபுமிஎ ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் இனிப்புப் பெட்டியின் முடிச்சைச் சரிசெய்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். என் பெண்ணின் வாழ்க்கையை ஒரு குடையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டுவிட்டாரே இந்த மனுஷர் என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்போது மஞ்சள் கோட்டுப் பெண் என் காதருகே குனிந்தாள். "அம்மா, அடுத்து வர்ற இடத்துல மட்டும் யாரும் சத்தம் போட மாட்டோம். விளக்கையும் அணைச்சிடணும். பிளாஸ்டிக்குக்காக."

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொனோமியிடம் சொன்னார். ரியோஹெய்க்குத் தெரியும். அந்தக் கடைசியில் இருந்த இகராஷிக்கு யார் சொல்வது? வாயே திறக்காத மனுஷரிடம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல யாருக்குத் தோன்றும்?

புயல் காட்சி. கறுப்புக் குடையைக் காப்பாற்ற பிளாஸ்டிக் குடை வெளியே ஓடுகிறது. இந்தப் பிளாஸ்டிக்கைத் தேடி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை, உடைந்தாலும் கேட்பாரில்லை. நிலையத்தின் உயரமான படிக்கட்டில் காற்று அதைப் புரட்டுகிறது. பாட்டு இல்லை, மழைச் சத்தம் மட்டும். அரங்கத்தில் ஒவ்வொரு விளக்காக அணைந்து கும்மிருட்டு. ரியோஹெய் உச்சிப் படியிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்தான். விழுந்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக, படிபடியாக, கடைசிவரை உருண்டான். கீழே அசையாமல் கிடந்தான்.

அந்த அமைதியில் தடாலென்று இனிப்புப் பெட்டி தரையில் விழுந்தது. இகராஷி எழுந்து நின்றிருந்தார்.

"ரியோஹெய்! அடிபட்டுச்சாடா?"

போச்சு! முந்நூறு பேர் மூச்சு விடாமல் காத்த அமைதி! மஞ்சள் கோட்டுப் பெண்ணின் கை என் கிமோனோ விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

இருட்டில், நடுவிலிருந்து, சின்னப் பையன் குரலில் பதில் வந்தது.

"இல்லப்பா. அடிபடலை."

எங்கோ முன் வரிசையில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அரங்கம் முழுக்க. ஃபுமிஎ இரண்டு கையாலும் கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, நாலா பக்கமும் திரும்பித் திரும்பி மன்னிப்புக் கேட்டுக் குனிந்தாள். மஞ்சள் கோட்டுப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் மை கரைந்தது. அதற்கு மேல் படத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். கெட்டில் இன்னொரு தடவை வந்தது, அது மட்டும் தெரியும்.

உணவகத்துக்கு நடந்து போகும்போது இகராஷி மறுபடி கல்லாகிவிட்டார். நசுங்கிய இனிப்புப் பெட்டியை எங்களிடம் கொடுத்துக் குனிந்தார். நாங்களும் குனிந்தோம். என் வீட்டுக்காரர் திட்டப்படி ஆரம்பித்தார்.

"படம் எப்படி இருந்துச்சு, சம்பந்தி?"

"ம்."

அவ்வளவுதான். இதற்கா இத்தனை கூத்து!

முழு மீன் வந்தது, சூப் வந்தது, சோறு வந்தது. அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். ரியோஹெய் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுக்கவில்லை. மேசையிலேயே வைத்துவிட்டு, நாய் தட்டில் குனிகிற மாதிரி குனிந்து குனிந்து சாப்பிட்டான். கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுவது மூன்று வயசில் சொல்லிக் கொடுக்கிற பழக்கம்! பெண் வீட்டார் முன்னால், முதல் சாப்பாட்டில்! பீடக்கடைக்காரர் வீட்டில் இதைக்கூடவா சொல்லித் தரவில்லை என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஃபுமிஎ மேசைக்கடியில் மகனின் காலை மிதித்தது எனக்கே தெரிந்தது.

இகராஷி சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இடது கையா?"

ரியோஹெய் மெல்லுவதை நிறுத்தினான். "ஒண்ணுமில்லப்பா. லேசா ஒரு சுளுக்கு. படம் எடுத்தப்போ."

"அடிபடலைன்னியே."

"அத்தனை பேர் முன்னால எப்படிப்பா சொல்றது?"

கொனோமி தலை குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுப் போட்டு மூன்று மாசம் திரிந்திருக்கிறான். இந்தச் சந்திப்பில் அப்பா 'நான் சொன்னேனே' என்று சொல்லிவிடுவாரோ என்று மறைத்திருக்கிறார்கள், இரண்டு பேரும்.

நான் இதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மனுஷர் சொல்லவில்லை. மேசைக்கு மேலே சாய்ந்து, மகனின் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து, அவன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"சாப்பிடு."

"அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க..."

"சாப்பிடுடா."

ரியோஹெய் சாப்பிட்டான். முப்பத்தொரு வயசு ஆண்பிள்ளை, கண்ணில் தண்ணீர் சோற்றில் விழ விழச் சாப்பிட்டான். இகராஷி கிண்ணத்தை இறக்கவே இல்லை. நான் மீனைப் பார்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். எல்லாவற்றிலும் சத்தம் போடுகிற மனுஷர்.

கிண்ணம் காலியானதும் இகராஷி அதைக் கீழே வைத்தார். எங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டேன்.

"கல்யாணச் சடங்குல மாப்பிள்ளை சாக்கே மதுக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிக்கணும். அதுக்குள்ள இவன் கையைச் சரி பண்ணணும். தேதியை அதுக்குத் தகுந்த மாதிரி வையுங்க."

கொனோமி மேசையில் நெற்றி படக் குனிந்தாள். ஃபுமிஎ கைக்குட்டையை எடுத்தாள். நானும் அப்பாடா என்று இடுப்புப் பட்டியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று பார்த்தேன்.

"அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?" என்றார் இகராஷி.

"எதுக்குங்க?" என்று ஃபுமிஎ திடுக்கிட்டாள்.

"எந்தப் படியில கை ஊனினான்னு சரியாப் பார்க்கலை."

ஐயோ, அந்தக் கெட்டில்! மறுபடியுமா! வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொனோமி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

போனோம். இந்த முறை சத்தமில்லாத காட்சி, ஈ, காக்கை இல்லாத அரங்கம். அங்கேதான் மனுஷர் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவே இல்லை. "இது யாருடா? அந்த மீன் ஏன் தொப்பி போட்டிருக்கு? உனக்குச் சாப்பாடு ஒழுங்காப் போட்டாங்களா?" ஆறு வருஷப் பேச்சும் சேர்த்து. பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் "உஷ்" என்றான். நானே திரும்பி அவனை முறைத்தேன்.

படிக்கட்டு வந்தது. இகராஷி பேச்சை நிறுத்தினார். திரையில் மகன் உச்சியிலிருந்து சாயும்போது, பக்கத்திலிருந்த மகனின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் கீழே வந்து சேருகிறவரை விடவில்லை.