மேனேஜர் உட்கார்ந்த நாற்காலி

வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிய கணவரின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள், அவள் கூடத்து மூலையில் இருந்த சுழல் நாற்காலியின் மேல்துணியை உருவி எறிந்தாள். தூக்கிப் போடுவதா, ரிப்பேர் பண்ணுவதா? இரண்டில் எது அந்த மனிதருக்கு அதிகம் வலிக்கும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

நாற்காலியின் கதை தெருவில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். மேனேஜர் பதவி தனக்குத்தான் என்று இவர் புதுச் சட்டையெல்லாம் தைத்து வைத்திருந்த நேரத்தில், அது அதே அலுவலகத்தில் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கை குலுக்கிவிட்டு வந்தார். பிறகு அலுவலகம் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது அந்த மேனேஜர் நாற்காலியை வாங்கி வந்து வீட்டில் போட்டுக்கொண்டார். அடித்தண்டு போன நாற்காலி. ராஜா மாதிரி உட்காருவார். அது மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிவிடும். "அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்" என்பார். ஓய்வு பெற்றே வருடங்கள் ஓடிவிட்டன, அந்த அடுத்த வாரத்தைத்தான் காணோம். துடைத்து வைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவளுடைய தையல் மெஷினுக்கு அந்த அடுத்த வாரம்கூடக் கிடைக்கவில்லை. போன வருடம், உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்கப் போய்த் திரும்பியபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. அறுந்துபோயிருந்தது அதன் பெல்ட் மட்டும்தான். புதுப் பெல்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவள் படியேறி வந்திருந்தாள்.

"ஓட்டை உடைசலெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

தெருப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் தைத்துக் கொடுத்த மெஷின் அது. இவரிடம் கை நீட்டாமல் அவள் வாங்கிய செருப்பு முதல் மூக்குக்கண்ணாடி வரை அதன் சம்பாத்தியம். அன்று அவள் அழவில்லை. வயிறு எரிந்தது. இன்றுவரை அடங்கவில்லை.

நாற்காலியையும் இரும்புக்காரனிடம் போட்டால் ஒரு நாள் குதிப்பார், மறுநாள் ஆறிவிடும். அவள் நாற்காலி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

அவர் அடித்தண்டை மாற்றி, உடைந்த சக்கரத்தையும் மாற்றி, தானே உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இனிமே கீழே இறங்காதும்மா. சாருக்கு ரொம்பப் பிடிக்கும் பாருங்க."

"பிடிக்கும், பிடிக்கும். அப்படியே எதிர்வீட்டுக்குத் தள்ளிட்டு வாங்க."

மாஜி மேனேஜருக்கு இப்போது தீராத முதுகுவலி. அவர் மனைவி வாயெல்லாம் பல்லாக நாற்காலியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை வீட்டுக்காரர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. "வாங்க சார்! பாத்தீங்களா, என் பழைய சீட் என்கிட்டயே வந்து சேந்துடுச்சு! உங்க பெரிய மனசு யாருக்கு வரும்?" சொல்லிவிட்டு மாஜி காலால் உந்தி ஒரு சுற்றுச் சுற்றினார். நாற்காலி துளிகூட இறங்கவில்லை.

வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துத்தானே ஆகவேண்டும். தனக்குப் பொறாமை என்று ஒன்று உண்டென்று எதிர்வீட்டுக்கு இத்தனை வருடம் காட்டாத மனிதர். ஜன்னல் வழியே அந்தச் சிரிப்பைப் பார்த்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "ஏன் இப்படிப் பண்ணின? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

நாற்காலி இருந்த மூலையில் போய் நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. காரணத்தைச் சொன்னால் ஒரு வார்த்தையாவது வருத்தப்படுவார், இத்தோடு விட்டுவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"தையல் மெஷினுக்குங்க" என்றாள்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எந்தத் தையல் மெஷின்?"

அவள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவருடைய பாடாத ரேடியோ இருந்தது. கதவு கழன்ற புத்தக அலமாரி இருந்தது. போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கும் வந்துடுங்க. ரேடியோ பாக்கறவர் யாராவது தெரிஞ்சா அவரையும் கூட்டிட்டு வாங்க."