பயிரிடப்படாத நிலம்

ஊருக்கும் தோப்புகளுக்கும் நடுவில் இஸ்ரேல் ராணுவம் போட்ட வேலியின் இரும்புக் கதவு, தனி அனுமதிச் சீட்டு இல்லாத கஃப்ர் ஜலூஸ் ஊர்ப் பாலஸ்தீனர்களுக்கு ஒலிவ அறுவடைக்கு மட்டும்தான் திறக்கும். அந்த வருஷம் கதவு திறந்த முதல் நாள் காலையில், சாக்குகளையும் விரிப்புகளையும் சுமந்துகொண்டு தங்கள் தோப்புக்குள் நுழைந்த ஸமாஹெர், ஓர் இரும்புக் கம்பிக்கு முன்னால் நின்றாள். போன வருஷம் அந்தக் கம்பி அங்கே இல்லை. அதன் அடியில் கல் வைத்து அமுக்கிய பிளாஸ்டிக் உறை. உறைக்குள் வெயிலில் வெளுத்த ஒரு தாள்.

தம்பி முஹீப்பைக் கூப்பிட்டாள். இஸ்ரேல் பக்கத்தில் கட்டட வேலை செய்கிறவன், ஹீப்ரு தெரியும்.

"என்னடா போட்டிருக்கு?"

அவன் உதட்டசைத்துப் படித்தான். "இது அரசாங்க நிலமாம்க்கா. ஆட்சேபணை இருந்தா ஒன்றரை மாசத்துக்குள்ள சொல்லணுமாம்."

"எப்ப வச்சிருக்கான்?"

"மார்ச்சுல."

"இப்ப அக்டோபர்."

"ஆமா."

"மார்ச்சுல கதவைப் பூட்டி வச்சிக்கிட்டு, உள்ள வந்து காகிதத்தை வச்சிட்டுப் போயிருக்கான். நான் எப்படிடா படிக்கிறது? காக்காகிட்டச் சொல்லி அனுப்பினானாமா?"

அன்றைக்கு அவள் ஒரு மரம்கூட உலுக்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள்தான் இவர்கள் பங்கையும் சேர்த்துப் பறித்துக் கொடுத்தார்கள்.

ஸமாஹெர் கல்கீலியா நகரத்தில் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும், பதில் தப்பானால் ஏன் தப்பு என்று தெரிய வேண்டும் என்று பழகிப்போனவள். அப்பா இருந்தவரை வருஷம் முழுக்க நிலத்துக்குப் போக அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. அவர் போனதும் இவள் விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். நிலம் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுகளோ ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து சிலி நாடு வரை சிதறிக் கிடக்கிறார்கள். எல்லோருக்கும் பங்கு பிரித்துப் பார்த்த அதிகாரி, ஸமாஹெரின் பங்காக வரும் துண்டுக்கு 'விவசாயத் தேவை இல்லை' என்று எழுதியிருந்தார். அந்தத் துண்டில் நூற்றாண்டு வயசான மரங்கள் நின்றன. அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் கோவேறு கழுதைக்கு அனுமதி கிடைத்தது. "அந்தக் கழுதைக்கு இருக்கிற விவசாயத் தேவை எனக்கு இல்லையாம்" என்று அவள் ஆசிரியர்கள் அறையில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த அறிவிப்பை எதிர்க்கும் வழக்கை எடுத்துக்கொண்டவள் நோகா என்ற யூதப் பெண் வக்கீல், டெல் அவீவ்காரி. இப்படிப்பட்ட வழக்குகளாகவே எடுத்து, தன் ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள். ஸமாஹெரின் வீட்டுக்கு வந்து, ஏலக்காய் போட்ட காபியைக் குடித்தபடியே, கொஞ்சம் தடுமாறும் அரபியில் விளக்கினாள்.

"துருக்கி சுல்தான் காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. நிலத்தைத் தொடர்ந்து மூணு வருஷம் பயிர் பண்ணாம போட்டா, அது சுல்தானுக்குப் போயிடும். அந்தச் சுல்தான் செத்து, அவர் சாம்ராஜ்யமும் போச்சு. சட்டத்தை மட்டும் எங்க ஆளுங்க பத்திரமா வச்சிருக்காங்க."

"நான் பயிர் பண்ணக் கூடாதுன்னு தடுத்ததே உங்க ஆளுங்கதானே, உஸ்தாதா?" வக்கீலை மரியாதையாக அப்படித்தான் அழைத்தாள் ஸமாஹெர்.

"அதைத்தான் நான் அங்க சொல்லப்போறேன்."

"சொன்னா?"

நோகா கோப்பையைக் கீழே வைத்தாள். "கேட்டுக்குவாங்க" என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த முஹீப் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வழக்குப் போட்டவன் எவனுக்கும் இஸ்ரேல் பக்கம் போற வேலைச் சீட்டைப் புதுப்பிக்கிறதில்ல. எனக்கு நாலு பிள்ளைங்க."

"அப்ப விட்டுடச் சொல்றியா?"

"விடச் சொல்லல. என் பேரை முன்னாடி போடாதேங்கறேன்."

அவள் தன் பெயரை முன்னால் போட்டாள்.

மேல்முறையீட்டுக் குழு ஒரு ராணுவ முகாமுக்குள், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் கூடியது. நடுவில் சீருடை அணிந்த தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். நிலத்தை எடுத்ததும் ராணுவ நிர்வாகம், எடுத்தது சரியா என்று பார்ப்பதும் ராணுவக் குழு. வாசலில் ஸமாஹெரின் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கைதிக்கு வேண்டுமானால் அப்படிச் செய்யலாம், நிலத்துக்குச் சொந்தக்காரிக்கா என்று பொருமிக்கொண்டே உள்ளே போனாள்.

அரசு வக்கீல் இளைஞர், மரியாதையானவர். வானத்திலிருந்து எடுத்த படங்களைச் சுவரில் காட்டினார்.

"கீழ்ச் சரிவில் மரங்கள் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். மேல்சரிவில் பாதிக்கு மேல் பாறை. உழுத தடம் இல்லை. சட்டப்படி அது பயிரிடப்படாத நிலம். தவிர, ஆட்சேபணை காலம் கடந்து வந்திருக்கிறது."

நோகா எழுந்தாள். காகிதத்தைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்தால் அது அறிவிப்பு ஆகுமா என்று கேட்டாள். உழக் கூடாது என்று தடுத்தவரே உழவில்லை என்று குற்றம் சொல்லலாமா என்று கேட்டாள்.

"அனுமதிச் சீட்டுக் கொடுப்பது வேறு பிரிவு" என்றார் அரசு வக்கீல். "அவர்கள் மறுத்தது எங்கள் பொறுப்பு ஆகாது."

தலைவர் ஸமாஹெரைப் பார்த்தார். "மறுத்ததை எதிர்த்து நீங்கள் முறையிட்டீர்களா?" ஒரு சிப்பாய் அதை அரபியில் சொன்னான்.

ஸமாஹெர் எழுந்து நின்றாள். நோகா கண்ணால் தடுத்ததை அவள் கவனிக்கவில்லை.

"முறையிட்டேன். அதையும் மறுத்தீங்க. என் வீட்டு அடுப்பை நீங்களே பூட்டிட்டு, ஏன் சமைக்கல, சமைக்காத வீடு எங்களுக்குன்னு வந்து உக்காருறீங்க. பூட்டினது இவர் இல்ல, இவரோட கூடப்பிறந்தவர்னு வேற சொல்றீங்க. நான் ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறவ. இப்படி ஒரு பதிலை ஒரு பிள்ளை எழுதினா முட்டைதான் போடுவேன்!"

மொழிபெயர்த்த சிப்பாய் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஹீப்ருவில் சுருக்கமாக ஏதோ சொன்னான். பின்வரிசையிலிருந்து முஹீப்பின் குரல் வந்தது.

"ஐயா, அவங்க அப்படிச் சொல்லல."

எல்லோரும் திரும்பினார்கள். அவனுக்கே தான் பேசியது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"வருத்தமா இருக்காங்கன்னு இவர் சொல்றாரு. எங்க அக்கா வருத்தமா இல்ல. கோவமா இருக்காங்க."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடைவேளை என்றார்.

வெளியே, குடிநீர்க் குழாய் பக்கத்தில், அரசு வக்கீல் நோகாவிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு நோகா அக்கா தம்பியிடம் வந்தாள்.

"ஒரு சமாதானம் சொல்றாங்க. கீழ்ச் சரிவு, மரங்கள் இருக்கிறது, உங்களுக்கே. மேல்சரிவை விட்டுக்கொடுத்து கையெழுத்துப் போடணும்."

மேல்சரிவுக்கு நேர் பின்னால்தான் யூதக் குடியேற்றத்தின் புது வீடுகள் நின்றன. அது யாருக்கு, எதற்கு வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொல்றீங்க, உஸ்தாதா?"

"வக்கீலா கேட்டா, போட்டுடுங்கன்னு சொல்வேன். ஏன்னா கீழ்ச் சரிவும் போகலாம். அதையும் இதையும் சேர்த்து இழக்கிறதைவிட..." அவள் முடிக்கவில்லை. "மனுஷியா கேட்டா, எனக்கு வெக்கமா இருக்கு."

"உங்க வெக்கத்தை வச்சு நான் என்ன பண்ண?" என்றாள் ஸமாஹெர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோகா தலையாட்டினாள்.

"அக்கா, போட்டுடலாம்" என்றான் முஹீப். "மரமாவது மிஞ்சும். நீ மேல போய் எவ்வளவு நாளாச்சு? அங்க என்ன இருக்கு? கல்லும், ரொட்டிக்குத் தூவுற ஸஆத்தர் செடியும்."

"அப்பாவோட பாதாம் மரம் இருந்தது."

"பட்டுப்போச்சு."

"தண்ணி ஊத்த விடல, பட்டுப்போச்சு! நீயும் அவன் மாதிரியே பேசறியேடா! அவன் சீருடையைக் கழட்டி உனக்கு மாட்டிவிட்டானா?"

முஹீப்பின் முகம் சிவந்தது. "நீ டீச்சர். மாசம் பொறந்தா சம்பளம் வரும். நான் விடியறதுக்கு முன்னாடி அந்தச் சோதனைச் சாவடியில ஆடு மாதிரி நிக்கிறவன். வீராப்பு பேச எனக்குக் கட்டுப்படியாகாது. கொடுங்க காகிதத்தை."

ஸமாஹெர் திரும்பிக்கொண்டாள். வாரிசுகளில் ஒருவனான தம்பியே கையெழுத்துப் போட்டுவிட்டால் தான் மட்டும் நின்று என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் இவர்கள் பார்ப்பார்களே என்ற ஒரே காரணத்துக்காக அழாமல் நின்றாள்.

அரசு வக்கீல் தாளையும் பேனாவையும் நீட்டினார். முஹீப் வாங்கி, சுவரில் வைத்து, வழக்கம்போல் உதட்டசைத்துப் படித்தான். பாதியில் நின்றான்.

"இது என்ன? 'எந்தக் காலத்திலும் எவராலும் பயிரிடப்படாத' அப்படின்னு இருக்கே."

"வழக்கமாக எழுதுவதுதான்" என்றார் வக்கீல்.

"அது வேணாம். விட்டுக்கொடுக்கிறோம்னு மட்டும் எழுதுங்க."

"அப்படி எழுத முடியாது. விட்டுக்கொடுக்க அது உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். உங்களுடையது அல்ல என்பதுதான் எங்கள் வாதம்."

முஹீப் அவரை உற்றுப் பார்த்தான். "மேல மண்ணு சரியாம படிப்படியா கட்டின படிச்சுவரைப் படத்துல பாத்தீங்களா, ஐயா? பாறை பாறைன்னீங்களே, அதுல பாதி சுவர். நானும் எங்கப்பாவும் அடுக்கினது. பெரிய கல்லு ஒண்ணு என் கால்ல விழுந்து நகம் போச்சு, இன்னும் சரியா வளரல. அந்த மண்ணுல கோதுமை போட்டோம். அதுல எங்கம்மா சுட்ட ரொட்டியைத் தின்னு வளந்தவன் நான். எந்தக் காலத்திலும் எவரும்னா, நாங்க எவரு?"

பேனாவை மூடி, வக்கீலின் சட்டைப் பையில் அவனே செருகினான்.

"நிலத்தை எடுக்கிறதுன்னா எடுத்துக்கங்க, உங்ககிட்டத் துப்பாக்கி இருக்கு. நான் இல்லவே இல்லன்னு என் கையால எழுதச் சொல்லாதீங்க."

வக்கீல் உள்ளே போனார். ஸமாஹெர் தம்பியின் தோளைத் தொட்டாள். "பேசாம வா" என்றான் அவன்.

தீர்ப்பு குளிர்காலத்தில் வந்தது. கீழ்ச் சரிவு அவர்களுக்கு, மேல்சரிவு அரசுக்கு. கையெழுத்துப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே பங்கு. அடுத்த மாதம் முஹீப்பின் வேலைச் சீட்டு 'பாதுகாப்புக் காரணங்களால்' ரத்தானது. என்ன காரணம் என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார்கள். அவன் கல்கீலியாவில் ஒரு நாற்றங்காலில் கொய்யாக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலைக்குப் போனான். கூலி முன்பு வாங்கியதில் பாதி. ஸமாஹெர் ஒவ்வொரு மாதமும் அவன் வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டு போனாள்; முதலில் அவன் வாங்க மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான்.

கீழ்ச் சரிவு உங்களுடையது என்று தீர்ப்பே சொல்லிவிட்டதே என்று அவள் மறுபடி அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டாள். மறுத்தார்கள். மேல்சரிவு கழிந்துவிட்டதால் அவள் பங்கு இப்போது முன்னைவிடச் சிறியது. ஆகவே விவசாயத் தேவை முன்னைவிடக் குறைவு.

நோகாவுக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டினாள்.

"உயர் நீதிமன்றத்துக்குப் போறேன்" என்றாள் நோகா. "வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணு செய்யணும், ஸமாஹெர். உள்ள போக முடிஞ்சபோதெல்லாம் மண்ணைக் கொத்துங்க, இல்லன்னா கீழ்ச் சரிவையும் பயிர் பண்ணாத நிலம்னுடுவாங்க. யார் தடுத்தாலும், தடுத்தேன்னு எழுத்துல வாங்குங்க. வாயால சொல்றது எதுவும் அங்க செல்லாது."

அடுத்த அறுவடைக்குக் கதவு திறந்தபோது அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வரிசையில் நின்றார்கள். கதவில் நின்ற சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

"இது என்ன?"

"மண்வெட்டி" என்றான் முஹீப் ஹீப்ருவில்.

"ஒலிவம் பறிக்க மட்டும்தான் அனுமதி. இதை வெளியே வையுங்க."

"சரி, வைக்கிறோம்" என்றாள் ஸமாஹெர். பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "சொந்த நிலத்தைக் கொத்த நான் விடலன்னு இதுல எழுதிக் கொடுங்க, தம்பி. உங்க பேரு, இன்னிக்குத் தேதி, கையெழுத்து. போதும்."

முஹீப் மொழிபெயர்த்தான், ஒரு வார்த்தை விடாமல். சிப்பாய் தாளைப் பார்த்தான். பின்னால் வரிசை நீண்டது. பக்கத்து வீட்டுக் கழுதைக்காரர், "எழுதிக் கொடுப்பா, வெயில் ஏறுது" என்று குரல் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். சிப்பாய் ரேடியோவில் யாரையோ கேட்டான், பதில் வரக் காத்திருந்தான், பதில் வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே கையை அசைத்தான்.

"போங்க. சீக்கிரம் போங்க."

உள்ளே, மேல்சரிவில் இயந்திரம் ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தது. முஹீப் அடுக்கிய சுவர் பாதிக்கு மேல் சரிந்து கிடந்தது. அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முதல் மரத்தின் அடியில் குனிந்தான்.

"சிப்பாய் முழிச்சதப் பாத்தியாக்கா?" என்றான் கொத்திக்கொண்டே. "சிரிப்பு வந்துச்சு எனக்கு."

"எனக்கு வரல" என்றாள் ஸமாஹெர். "எங்கப்பன் நிலத்துக்கு வர, ஒரு சின்னப் பையனை மிரட்ட வேண்டியிருக்கு."

மண் வருஷக்கணக்காக மண்வெட்டி படாமல் இறுகிப்போயிருந்தது. அவள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. நிறுத்தவில்லை.