உதிர்ந்த கதிர்கள்

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று ஷண்முகப்ரியா மேடம் ஜீவிதாவிடம் ஒருமுறை கேட்டார். அது பண்ணையில் முதல் போகம் விதைத்தபோது, அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த ஜீவிதா, தெரியாது என்று தலையாட்டினாள். தெரியும் என்றால் நாலு பேர் முன்னால் எழுதிக் காட்டச் சொல்வார்களோ என்ற கூச்சம்தான். குன்னூருக்குப் பக்கத்து அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் செடிகளுக்குப் பெயர் அட்டை எழுதும் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. ஜீவிதாவுக்குக் கதிர் அறுக்கும் வேலை.

கோதுமையோடு ஒரு காட்டுப்புல்லைக் கலந்து மேடம் உண்டாக்கிய பயிர் அது. காட்டுப்புல்லுக்குக் கதிர் முற்றியதும் உடைந்து மண்ணில் கொட்டிவிடும் குணம். அந்தக் குணம் இதற்கும் வந்திருந்தது. கோயம்புத்தூர் ஆய்வகத்துத் தொட்டிகளில் பாதிக் கதிர் அப்படித்தான் கொட்டிற்று. வருஷத்துக்கு இரண்டு போகமாகப் பண்ணையில் விதைத்தபின், கொட்டுவது போகத்துக்குப் போகம் குறைந்து, ஐந்தாவது போகத்தில் எல்லாக் கதிரும் அறுக்கும்வரை நின்றன. அதை வைத்து மேடம் ஐந்து வருஷ ஆய்வை எழுதி முடித்திருந்தார்.

உதிர்வதும் சிந்தாமல் இருக்கத்தான் ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை கட்டச் சொல்லியிருந்தார். ஆனால் வாரக்கணக்கில் விலகாத மூடுபனி. பை நனைந்து கதிரில் பூஞ்சை பிடித்தது. மேஸ்திரி மருதாம்பாள் மனசு கேட்காமல் பைகளைக் கழற்றி உலர்த்துவாள். மேடம் வரும் அறுப்பு நாள் காலையில், நிற்கிற கதிருக்கு மட்டும் திரும்பக் கட்டுவாள். கதிர் கொட்டிய வெறுங்காம்பை அழுகல் என்று பிடுங்கிப் போடுவாள். பைகளில் இருந்ததுதான் அடுத்த போகத்துக்கு விதை.

"நிக்கறது மேடத்துக்கு, உழுந்தது எங்கூட்டுக் கோழிக்கு" என்று சிரித்தபடி தரையைப் பெருக்குவாள். ஜீவிதாவுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை மேடம் மைசூர்பாகோடு கொட்டகைக்கு வந்தார். கையில் ஆய்வேட்டுக் கட்டு; திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு செடிகளின் மரபணுக்கள் ஓருடம்பில் சேர்ந்தால் சிலதை இழந்து, சிலதை அடக்கி, தாமே ஒழுங்காகிக்கொள்கின்றன என்று பெண்களுக்கு விளக்கினார். "யாரும் பொறுக்கி விதைக்கல. செடி தானாவே வயலுக்குப் பழகிக்கிச்சு."

"அப்படீங்களா?" என்ற மருதாம்பாள், கோழிக்கும் ஒரு துண்டு கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜீவிதாவுக்குப் பிடுங்கிப் போட்ட வெறுங்காம்புகள் நினைவுக்கு வந்தன. சொன்னால் மேடத்தின் ஐந்து வருஷம் போகும். மருதாக்காவின் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால், ஊரெல்லாம் ஒரு பொய்யைப் படிக்கும். அது பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து, வீட்டில்கூட யாருக்கும் காட்டாமல் எழுதி வந்த நோட்டை எடுத்து மேடத்திடம் நீட்டினாள்.

மேடம் நின்றபடி படித்தார். 'இரண்டாம் போகம். மூணாவது வரிசை, நாற்பத்தொரு செடி. பத்தொன்பதில் கதிர் கொட்டிவிட்டது. பெருக்கிக் கோழிக்குப் போயிற்று. நின்றதை மட்டும் அறுத்தோம்.' கதிர் கொட்டிய நான்கு போகத்துக்கும், வரிசை வரிசையாக இருந்தது. படிக்கப் படிக்க மேடம் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொறுக்கினது நாமதானா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க மேடம். பை நனைஞ்சு போச்சுங்க. தெரியாமப் பண்ணிட்டமுங்க." மூன்று வருஷத்தில் ஜீவிதா அவரிடம் இவ்வளவு பேசியதில்லை.

மருதாம்பாள் வாயிலிருந்ததை மெல்லாமல் நின்றாள். மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். நோட்டை மூடி, பனி படாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஆய்வேட்டுக் கட்டைச் சாக்கின்மேலேயே விட்டுவிட்டு, மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.