மேயரை ஆர்லன் அடித்த காலை

காட்டுக்குள் போகக் கூடாது என்று கிரெட்டாவைத் தடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் யாரும் என்னிடம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. முகத்துக்கு நேராக நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

ஆர்லன் என் தம்பி, நான் அவன் அக்கா வெர்னா. கிரெட்டா அவன் மனைவி. அவர்கள் வீடும் என் வீடும் ஒரே மேட்டில், நடுவில் ஒரு சோளக்காடுதான். விஸ்கான்சினில் எங்கள் பக்கம் நவம்பர் முதல் வாரம் வந்துவிட்டால் வில் வைத்திருக்கிற எவருக்கும் வீட்டில் கால் தங்காது. பெண்மானைத் தேடி ஆண்மான்கள் புத்தி கெட்டுப்போய்ப் பட்டப்பகலில் அலைகிற நேரம் அது. அந்த வருடம் எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரே மான் மேல். மரத்தில் கட்டிய கேமராவில் மூன்று வருடமாகத் தலையைக் காட்டிவிட்டுப் போகிற கொம்பன். பள்ளத்தாக்கு முழுக்கத் தன் பெயரில் பட்டா ஆகியிருப்பதுபோல நடப்பான் என்பதால் மேயர் என்று பெயர் வைத்திருந்தோம்.

"மேயர் ஓட்டு எனக்குத்தான். நீ போய் முயல் அடி" என்பான் ஆர்லன்.

"மொதல்ல உன் மரத்துப் பரணுக்கு ஏணி ஏறக் கத்துக்கோ, தொப்பையா" என்பேன் நான்.

அன்று காலை ஏழு இருபதுக்கு என் போனுக்குச் செய்தி வந்தது. கிரெட்டாவுக்கும் அதையேதான் அனுப்பியிருந்தான். "மேயரை அடிச்சுட்டேன். கொஞ்சம் பின்னால பட்ட மாதிரி இருக்கு. பரண்லயே உக்காந்திருக்கேன். யாரும் வராதீங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். அதையும் மறைக்கப் போவதில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

பின்னால் என்றால் வயிறு. நெஞ்சில் அம்பு பட்ட மான் நூறு அடிக்குள் விழுந்துவிடும். வயிற்றில் பட்டது அப்படி இல்லை. பக்கத்தில் ஏதாவது புதரில் போய்ப் படுக்கும். தொந்தரவு செய்யாமல் விட்டால் அங்கேயே சாகும். ஆள் வாடை பட்டாலோ எழுந்து மைல் கணக்கில் ஓடிவிடும், பின்தொடர ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாது. அதனால் ஆறு ஏழு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம். எங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

கிரெட்டா மில்வாக்கி நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆர்லன் ஒரு பெண்மானை இப்படித்தான் பின்னால் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தான். பாவம் மான், வலியில் கிடக்குமே என்று ஒரு மணி நேரத்திலேயே இவள் தேடப் போய்விட்டாள். மான் எழுந்து ஓடியது ஓடியதுதான். அந்தக் கதையை நான் கல்யாண வீட்டில் சொன்னேன், சர்ச் வாசலில் சொன்னேன், மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒன்பது மணிக்குக் கோட்டும் பூட்ஸுமாக என் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"வெர்னா, அவன் போனை எடுக்க மாட்டேங்கிறான்."

"இந்தக் குளிருக்கு அந்த ஓட்டை போன் எட்டு மணிக்கே செத்திருக்கும்."

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேனே. காப்பி கொண்டுபோற சாக்குல."

"மேயருக்கும் ஒரு கப் ஊத்திக் குடுத்துட்டு வாயேன். ஒரு மானைத் துரத்திவிட்டது பத்தலையா உனக்கு? உக்காரு மில்வாக்கி."

உட்கார்ந்தாள். நான் முட்டை பொரித்துக் கொடுத்தேன். முட்கரண்டியால் கிளறினாளே தவிர வாயில் வைக்கவில்லை. பத்தரைக்கு மறுபடி எழுந்தாள்.

"எனக்கு மனசு சரியில்ல வெர்னா."

"உனக்கு மனசு சரியில்லன்னா என் தம்பிக்கு மான் போயிடணுமா? மூணு வருஷம்டி. அவனே வராதீங்கன்னு சொல்லியிருக்கான். படிக்கத் தெரியும்ல?"

கோட்டைக் கழற்றி நாற்காலி மேல் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரை மணிக்கு இருவரும் கிளம்பினோம். ரத்தத் தடத்தில் அடையாளம் போட டிஷ்யூ சுருளைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆர்லன் பரணுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் கிடந்தான். பாதுகாப்புப் பட்டை மேலே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போய் இறங்கப் பார்த்தானா, மான் விழுந்ததைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டானா, தெரியாது. பட்டையை அவிழ்த்துவிட்டு ஏணியில் காலை வைத்திருக்கிறான், பனியில் வழுக்கியிருக்கிறது. போன் உடைந்து கிடந்தது. விழுந்த இடத்தில் அவன் இல்லை. உதிர்ந்த இலைகள் மேல் பத்தடி ஊர்ந்திருந்தான், வீடு இருக்கும் திசையில். கிரெட்டா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் காதைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

உதவிக்குப் போன் செய்ய மேட்டுக்கு ஓடியபோது மேயரைப் பார்த்தேன். பரணிலிருந்து நாற்பது தப்படி இருக்கும். சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் விறைத்துப் படுத்திருந்தான்.

பதினொரு மணி வரை உயிர் இருந்திருக்கலாம் என்று சொன்னார் வந்த டாக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

காட்டிலாகா அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க தம்பி பேர்லயே மானைப் பதிஞ்சுடறேன். கறி வீணாப் போக வேணாம்மா" என்றார். வீணாக்கக் கூடாது, அது சரிதான். கொட்டகையில் தொங்கவிட்டு நானே வயிற்றைக் கிழித்தேன். முழங்கை வரை கையை உள்ளே விட்டு எல்லாவற்றையும் வழித்து எடுத்தேன். இரைப்பையில் கீறல்கூட இல்லை. குடலில் இல்லை. நுரையீரல் இரண்டிலும் அம்பு நடுவாக நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. பத்து விநாடிகூட நின்றிருக்காது அந்த மான். அரை வெளிச்சத்தில் மேலேயிருந்து பார்த்தவன் கண்ணுக்குப் பின்னால் பட்டதாகத் தெரிந்திருக்கிறது. எனக்கே பல தடவை அப்படித் தெரிந்திருக்கிறது. காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு நிமிடம்கூட.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்து நாய் மாதிரி ஊளையிட்டேன்.

அடக்கம் முடிந்து, சர்ச் பெண்கள் கொண்டுவந்த ஹாம் சாண்ட்விச்சும் தீர்ந்த பிறகு, நாலாம் நாள் கிரெட்டா கொட்டகைக்கு வந்தாள். கறியைத் துண்டு போட நான், காகிதத்தில் சுற்ற அவள். வருடா வருடம் ஆர்லன் நிற்கிற இடத்தில் அவள் நின்றாள்.

"எங்க பட்டிருந்துச்சு?"

வயிற்றில் என்று சொல்ல நாலு நாளாக நாக்கைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கு ஆறுதல் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நெஞ்சுல. ரெண்டு நுரையீரலும்."

அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "பாத்தியா? உன்னவிட நல்லா அடிப்பேன்னு சொல்லிட்டே இருந்தானே. பாத்தியா வெர்னா!" என்றாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது அவளுக்கு. அவளுக்கா கணக்குத் தெரியாது?

"அப்ப மான் அப்பவே செத்துப்போச்சு."

"ஆமா."

"ஒம்போது மணிக்கு நான் போயிருந்தா..."

"ஆமா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அறைந்தால் வாங்கிக்கொள்வதற்குத்தான். அவள் கையிலிருந்த பொட்டலத்தை ஒட்டினாள், மேலே தேதி எழுதினாள், மற்றவற்றோடு அடுக்கினாள்.

"உன்மேல ஒண்ணும் இல்ல வெர்னா. பத்தரைக்கே எனக்குத் தெரியும், அவனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. நிச்சயமாத் தெரியும். நீ மறுபடி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பியேன்னு உக்காந்துட்டேன்."