படுவான்கரைக்குப் போகாத கண்ணகை

ஜெயரூபன் நன்றாக வரைவான். வருடத்துக்கு வருடம் இன்னும் நன்றாக வரைவான். எங்கள் கதை முடியாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உயர்தரம் படித்த காலத்தில் களுவாஞ்சிக்குடியில் ஒரே ரியூசன் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தோம். கதையை நான் எழுதினேன், படத்தை அவன் வரைந்தான். இரசாயனவியல் சேர் தரும் ரியூட் தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் கடதாசி. நீலப் பேனை. கதை இதுதான்: ஒரு மாலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இறங்கிய சூரியன் மறுநாள் கிழக்கே எங்கள் எழுவான்கரையில் எழும்பவில்லை. அந்தக் கரையில் யாரோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கண்ணகை என்ற சின்னப் பிள்ளை கொம்பு முளைத்த ஒரு முதலையில் ஏறி, வாவியைக் கடந்து, அதை மீட்டு வரப் போகிறாள். இவ்வளவுதான். குருமண்வெளியில் படகில் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அக்கரையில் மண்டூர்ப் பக்கம் போய்விடலாம். எங்கள் கண்ணகை பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் போய்ச் சேரவில்லை.

முதல் தடவை அவன் முதலையின் காலை மனிதக் கால் போல வரைந்திருந்தான். முழங்கால் முன்னுக்கு மடிந்தது. அது நீந்துவது போல இல்லை, கடன்காரனுக்குப் பயந்து மதிலோரம் பதுங்கிப் போகிறவன் போல இருந்தது. கண்ணகையின் தலை உடம்பை விடப் பெரிசு. ரியூட்டில் இருந்த சமன்பாடுகள் தாளுக்கு அந்தப்பக்கம் இருந்து வாவித் தண்ணீருக்குள் தெரிந்தன. நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளை வாவியின் நடுவரை கொண்டு போய்விட்டான். சோதனை வந்தது, நிறுத்தினோம். சோதனையில் இரண்டு பேரும் பெயில்.

அந்த மாரியில் செத்த முதலை ஒன்று கரையில் ஒதுங்கியது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனது. ஜெயரூபன் மட்டும் முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்து அதன் காலை வரைந்தான். காகங்களைக் கல்லெறிந்து கலைத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"மச்சான், நாம வரஞ்சது முதலையே இல்லடா. திரும்பத் தொடக்கத்தில இருந்து வரையப் போறன்."

"வரை," என்றேன்.

வரைந்தான். இரண்டாவது தடவை முதலை முதலையாக இருந்தது. ஆனால் கண்ணகை வாவியின் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்கு முகம் வரைய வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை வரைந்த கை முதல் பக்கத்தை வரைந்த கையை விடக் கெட்டிக்காரக் கை. இரண்டும் ஒரே கதைக்குள் கிடப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது தடவை தொடங்கினான்.

அதன் பிறகு கணினியில் வரையும் பலகை ஒன்று வாங்கினான். வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்தான். நெருப்புக் கக்கும் பறவைநாகங்கள், பனிமலைக் கோட்டைகள், இரும்புச் சட்டை போட்ட அரசர்கள். எல்லாம் திறமான வேலை. கல்முனை ரோட்டைத் தாண்டிப் போகாத மனிசன் பனியை அப்படி வரைந்தான், பார்த்தால் குளிரும். அந்தப் பனியில் கொஞ்சம் கண்ணகையின் மேலும் விழுந்தது. நாலாவது தடவை அவள் நீண்ட போர்வையும் தோல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இந்த வெயிலுக்குள்ள ஆருடா போர்வை போத்துற? இவளுக்கென்ன மலேரியாவா?"

"காத்துல அசையிற சீலை வரையிறது எவ்வளவு கஷ்டம் எண்டு தெரியுமாடா உனக்கு?"

"அவள் அதோட தண்ணிக்குள்ள விழுந்தா தாண்டு போவாளே."

ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அவனுடைய தங்கச்சி விதுர்ஷாதான் கண்ணகைக்கு மாதிரியாக இருப்பாள். முதல் தடவை அவள் சின்னப் பிள்ளை, ஒரு ஐஸ்கிறீமுக்காக வாங்கில் ஏறி முதலையில் இருப்பது போல இருந்தாள். அவள் வளர வளரக் கண்ணகையும் வளர்ந்தாள். ஐந்தாவது தடவையில் கண்ணகையைப் பார்த்தால் கலியாணம் பேசலாம் போல இருந்தது. விதுர்ஷாவே சொன்னாள்: "அண்ணன், இந்தக் குமருக்குச் சூரியனைக் காணல்லயெண்டா பொலிசில போய்ச் சொல்லத் தெரியாதா? என்னத்துக்கு முதலையில ஏறுறா?"

எனக்கு இதற்கிடையில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை. ஒருவரும் வராத வரவேற்பு மேசையில் இருந்து கதையின் முடிவை எழுதினேன். பிறகு அந்த வேலையையும் விட்டேன். முடிவு மட்டும் கையில் இருந்தது. ஜெயரூபனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்ல முடிவு மச்சான், அங்க வரட்டும்," என்றான். அவன் அங்கே வரவே இல்லை.

விதுர்ஷா ஆசிரியை ஆனாள். களுதாவளையில் கலியாணம் முடித்தாள். போகும்போது அந்த ரியூட் தாள்களையும் கொண்டு போயிருந்தாள், ஜெயரூபனுக்குத் தெரியாது. அவற்றை வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாள். அதுகள் வாசித்து வாசித்து ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. பாடசாலை மலரை அச்சடிக்க வந்த நிஸ்தார் காக்கா, பிள்ளைகள் எதையோ சுற்றி நின்று எனக்கு உனக்கென்று அடிபடுவதைக் கண்டிருக்கிறார். காத்தான்குடியில் அச்சகம் வைத்திருப்பவர், அண்ணன் முறைக்கு எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கலியாணக் காட், பள்ளிவாசல் நோட்டீஸ், கலண்டர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாசிக்க எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று கனகாலமாகச் சொல்லித் திரிந்தவர். எங்களைக் கூப்பிட்டார்.

ஜெயரூபன் ஐந்தாவது கண்ணகையை லப்டொப்பில் கொண்டு வந்தான். நிஸ்தார் காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். இது ஆர் வரஞ்ச?"

"நான்தான் காக்கா."

"அப்ப இது?" விதுர்ஷா கொடுத்த ரியூட் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

ஜெயரூபனின் முகம் கறுத்துவிட்டது. "இது எங்கால உங்களுக்கு? அதுவும் நான்தான். சின்ன வயசில."

"பொய் சொல்லாதீங்க தம்பி," என்று சிரித்தார். பிறகு தாளில் தட்டினார். "நான் போடப் போறது இத."

"காக்கா, அந்த முதலைக்குக் கால் பிழை."

"ஓம், பிழைதான். இந்தக் கால வெச்சிக்கிட்டு இது எங்க போய்ச் சேரப் போகுது எண்டு பாக்கத்தான் நான் அடுத்த பக்கத்தத் திருப்பின. உங்கட புது முதல போய்ச் சேந்திரும். பாத்த உடனே தெரியுது. பொறகு என்னத்துக்கு வாசிக்க?"

ஜெயரூபன் லப்டொப்பை மூடினான்.

"மிச்சப் பாதியையும் இதே மாதிரி வரஞ்சு தாங்க. விடுமுறைக்கு முன்ன புத்தகம் கையில இருக்கும். இந்தக் கெமிஸ்ட்ரியையும் அழிச்சிராதீங்க, வாவிக்குள்ள ஏதோ கிடக்கிற மாதிரி வடிவா இருக்கு. தாங்க, இப்பவே ஸ்கேன் எடுப்பம்."

"வேணாம் காக்கா, என்ட மெஷின் நல்லது. நான் எடுத்துத் தாறன். பாத்துப் பாத்து வரையவும் வேணும்," என்று ஜெயரூபன் தாள்களை வாங்கிக்கொண்டான்.

எனக்குச் சந்தோசம். முதல்முறையாகக் கண்ணகை அக்கரைக்குப் போகப் போகிறாள். திரும்பி வரும்போது நான்தான் மோட்டார் சைக்கிளை ஓடினேன். காத்தான்குடி ரோட்டின் நடுவில் நிற்கும் பேரீச்சமரங்கள் முடியும் இடத்தில் அவன் பின்னால் இருந்து சொன்னான்:

"அந்தாளுக்கு ரசனை இல்ல."

"இருக்கு எண்டுதான் நினைக்கிறன்."

கொஞ்சத் தூரம் போனதும் என் தோளுக்கு மேலால் குனிந்தான்.

"அப்ப இவ்வளவு வருசமும் நான் என்னடா செஞ்ச?"

எதிரே பஸ் வந்தது. நான் பாதையைப் பார்த்தேன்.

அவன் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பழையபடி நீலப் பேனை வாங்கினான். முதலையின் முழங்காலை முன்னுக்கு மடித்து வரைந்தான். பார்க்க, வேண்டுமென்றே கால் முறிக்கப்பட்ட நல்ல முதலை போல இருந்தது. இடது கையால் வரைந்தான், கை சுகமில்லாத கெட்டிக்காரன் வரைந்தது போல வந்தது. கல்முனை பஸ்ஸில் ஏறி, ஆடி ஆடி வரைந்து பார்த்தான். குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் போய் வந்து போய் வந்து கண்டக்டரிடம் பேச்சு வாங்கினான். கோடு ஆடியதே தவிர, முதலை சரியாகத்தான் நின்றது. பெரிய தலை போட்டால் விளம்பரப் பொம்மை போல வந்தது. அந்தக் கால் எப்படி மடியும் என்று தெரியாமல் வரைந்த பிழை அது. தெரிந்த பிறகு அதை எங்கே போய் எடுப்பது?

விதுர்ஷா வந்து மேசையைப் பார்த்தாள். "என்ட வகுப்புப் பிள்ளையள விட்டு வரைய வெப்பமா அண்ணன்?"

"என்னகா, பகிடியா?"

"பகிடி இல்ல. அதுகள் நல்லா வரையுங்கள்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு போனையும் எடுக்கவில்லை. நிஸ்தார் காக்கா என்னை அழைத்து, "என்ன தம்பி, முதல கரைக்கு வந்திட்டா?" என்று கேட்பார். வருது, வருது என்பேன்.

ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான். குரலில் சிரிப்பு. "மச்சான், வாடா. முடிஞ்சிது."

போனேன். மேசையிலும் கட்டிலிலும் நிலத்திலும் பக்கங்களைப் பரப்பியிருந்தான். முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை. கண்ணகை அக்கரையில் இருந்தாள். நான் எழுதியபடியே, அறுத்த நெல் மழையில் நனைந்துபோய் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டுமென்று படுவான்கரைச் சனம் சூரியனைப் பிடித்து வைத்திருந்தது. அவள் சண்டை போடவில்லை. நெல் காயும்வரை அவர்களோடு நின்று கிளறிவிட்டாள். ஒவ்வொரு நெல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தம்.

பிறகுதான் தொடக்கப் பக்கங்களைப் பார்த்தேன். தாள் அதே ரியூட் தாள். நைந்த ஓரம் அப்படியே இருந்தது. நடுவில் முதலை சரியான காலோடு நீந்திக்கொண்டிருந்தது. நீலக் கோட்டின் மேல் கறுப்பு மை. சமன்பாடு தெரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பூச்சு. கண்ணகையின் தலை உடம்புக்கு அளவாக இருந்தது.

"என்னடா இது?"

"ஸ்கேன் பண்ண வெச்சனா, ஒரு கால்ல மை ஊறிக் கிடந்திச்சு. அத மட்டும்தான் தொட்டன். அது சரி வந்ததும் மத்தக் கால் துருத்திக்கிட்டு நிண்டுது. அதையும் தொட்டா உடம்பு கோணல். பொறகு அவட தலை. பாரன், இப்ப முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கை. ஆரும் ஒரு பிழை சொல்லேலாது."

"ஸ்கேன் எடுத்து வெச்சிட்டுத்தானே செஞ்ச?"

"ஊத்தையோட ஆரும் ஸ்கேன் எடுப்பாங்களா?"

நான் நிலத்தில் இருந்த பக்கங்களை ஒதுக்கிவிட்டு இருந்தேன். இருக்க இடம் வேண்டியிருந்தது.

அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. மறுநாள் நிஸ்தார் காக்காவிடம் கொண்டு போகும்போதும் சந்தோசமாகத்தான் வந்தான். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அன்றைக்குப் போலத் தட்டவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து அடியில் எதையோ தேடினார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"நல்லாருக்கு தம்பி. பிளேன்ரி குடிப்பமா?"

மரியாதை அறைக்குள் வந்து இருந்துகொண்டது. தேநீர் வந்தது.

"பழசுட படம் ஏதும்..." என்று அவர் இழுத்தார்.

முன்பு விதுர்ஷா வகுப்பில் எடுத்து அனுப்பிய இரண்டு பக்கம் என் போனில் இருந்தது. இரண்டிலும் ஏதோ ஒரு பிள்ளையின் பெருவிரல் பாதியை மறைத்திருந்தது. நான் காட்டினேன். அவர் அதை விரலால் பெருப்பித்துப் பார்த்தார். ஜெயரூபன் எட்டிப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். அவனுடைய முகத்தில் இருந்த சந்தோசம் அப்போதுதான் போனது. ஒரே தடவையில் போகவில்லை. வாயில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"அச்சடிப்பம் தம்பி. சொல்லிட்டன்தானே," என்றார் நிஸ்தார் காக்கா.

"வேணாம் காக்கா," என்றான் ஜெயரூபன்.

வீட்டுக்கு வந்ததும் சவர பிளேட் ஒன்றை எடுத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தான். மை தவறி விழுந்தால் மேலாகச் சுரண்டி எடுப்பது அந்த வேலையில் வழக்கம்தான். நல்ல தடித்த கடதாசியில் அது சரிவரும். இது ரியூட் தாள். முதல் பக்கத்தில் முதலையின் காலில் தொடங்கினான். கறுப்பு பொடிப்பொடியாக உரிந்தது. அதோடு நீலமும் உரிந்தது. இரண்டும் ஊறி ஒன்றாகிப் போயிருந்தன.

"விடு மச்சான்," என்றேன்.

"பேசாத. கை ஆடும்."

அந்தக் காலை எனக்குப் பிடிக்கும் என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிழையான காலைப் பிடிக்கும் என்று யார் போய்ச் சொல்வார்கள். அன்றைக்குச் சிரித்தேன், அவ்வளவுதான். பிழையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று அவன் நினைத்திருக்கலாம். இப்போது சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேட்டைச் சாய்வாகப் பிடித்திருந்தான்.

தாள் மெலிந்து மெலிந்து வெளிச்சம் வந்தது. பிறகு கால் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் மேசைப் பலகை தெரிந்தது. அவன் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூளை வாயால் ஊதினான். தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டாவது தாள எடு," என்றான்.