உதடு மூடும் வரை

அக்காவுக்குத் திரையில் எழுத்துகளை ஓட்டும் வேலை. விளம்பரங்களில் ஒவ்வொரு சொல்லாக வந்து நின்று மறையுமே, அது. ஒரு சொல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அவள் அம்மாவின் உதட்டை வைத்துத்தான் முடிவு செய்வாள். அம்மா எதையும் வாய்க்குள் முணுமுணுத்தே படிப்பாள். உதடு மூடிய பிறகுதான் சொல் மறைய வேண்டும். திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரக் கூப்பிட்டால் போதும், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வருவாள்.

செருப்புக் கடை விளம்பரத்தின்போது அம்மா திடீரென்று வேகமாகிவிட்டாள். 'அவசரம் இல்லை. மெல்ல நடந்து வாருங்கள்.' ஒவ்வொரு சொல்லும் வந்து நிற்பதற்குள் அவள் உதடு மூடியிருந்தது.

"பாருடி, அம்மா பறக்குறா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா எல்லாச் சொற்களின் நேரத்தையும் வெட்டினாள்.

கடைக்காரர் போனில் சிரித்தார். "மெல்ல நடன்னு சொல்லிட்டு, எழுத்து நாய் தொரத்துன மாதிரி ஓடுதேம்மா. படிக்கவே முடியல. அந்த 'மெல்ல'வும் வேணாம், 'சேர்ந்து'ன்னு போடுங்க. குடும்பமா வரட்டும்."

வேலை செய்யும்போது வரிகளை வாய்விட்டுச் சொல்வது அக்காவின் பழக்கம். சமையலறை வரை கேட்கும். அன்று கோபத்தில் வாயே திறக்காமல் சொல்லை மாற்றினாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக அம்மா ஊசியில் நூல் கோக்க என்னிடமே தந்துகொண்டிருந்தாள். "உன் கை சும்மாதானே இருக்கு" என்பாள். நானும் நம்பியிருந்தேன்.

திரையில் 'சேர்ந்து' வந்து நின்றது. அம்மாவின் உதடு 'மெல்ல' என்றது.

சுட்டியின் மேல் அக்காவின் விரல் அப்படியே நின்றது.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"என்னது எத்தனை நாளா?" அம்மா சிரிக்கப் பார்த்தாள். பிறகு முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தாள். "கண்ணு சரியில்லன்னா நீ வேற ஆளத் தேடுவ. உனக்குன்னு நான் பண்றது இது ஒண்ணுதானடி."

அக்கா அந்தச் சொல்லைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, மறையாமல் நிறுத்தினாள். அம்மாவின் நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"இப்பப் படி. இது எங்கயும் போகாது."

திரையின் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. நாங்கள் இருவரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்லத் திறந்தது.